சனிக்கிழமைப் பைகள்

என் கையால் செய்த அலங்காரப் பொருட்கள் பசறையிலும் லுணுகலையிலும் பதுளை டவுனிலும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் சில ஒரே ஒரு பெண்ணின் உடுப்புகளால் ஆனவை. அவள் யாரென்று தெரியாமல்தான் நான் அவற்றை வெட்டினேன், தைத்தேன், கொடுத்தேன். தெரிந்த பிறகு நடந்ததை இதுவரை ஒருவருக்குத்தான் சொல்லத் தொடங்கினேன். அது என் கணவர். அவர் பாதிக் கதையிலேயே போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

நான் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். வீடு பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து ஐந்து நிமிடம் மேலே ஏறினால் வரும் பழைய குவார்ட்டர்ஸ். கணவர் கொழும்பில் வேன் ஓட்டுகிறார். மாதத்தில் ஒரு முறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

சாமான் விலையெல்லாம் ஏறிய அந்த வருடம்தான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன். பிறந்தநாள், சடங்கு, புது வீட்டுக்குக் குடிபோவது என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வெறும் கையோடு போக முடியாது. கடையில் ஒரு பூச்சாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பேப்பரிலும் துணியிலும் ஏதாவது செய்து பழகிய கைதானே, வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று தோன்றியது.

ஜாம் போத்தலுக்குச் சணல் கயிறு சுற்றினேன். பழைய பேப்பரைக் குழலாகச் சுருட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டி, கடும் தேயிலைச் சாயத்தை இரண்டு தடவை பூசிக் காயவிட்டால் பிரம்பு மாதிரியே இருக்கும். அதில் போட்டோ பிரேமும் பழக்கூடையும் செய்தேன். கவ்வாத்து வெட்டிய மலையில் வளைந்த தேயிலைக் கம்புகள் கிடக்கும். நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, பட்டையை உரித்து, கிழிந்த சேலையைக் கீலம் கீலமாக வெட்டி அதில் வரிசையாகத் தொங்கவிட்டால் சுவருக்கு அழகு. பார்த்தவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பிறகு காசு தந்து தங்களுக்கும் செய்து தரச் சொன்னார்கள். வேண்டாத துணியோ போத்தலோ இருந்தால் வீசாமல் எனக்குத் தாருங்கள் என்று வட்ஸ்அப்பில் போட்டேன். பள்ளிக்குப் போய்வரும் பஸ்ஸிலும் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே அக்காதான் உட்காருவார். தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பசறையில் ஒரு கடையைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்துபோவார். ஒல்லி, நல்ல நிமிர்ந்த உடம்பு. அதிகம் பேச மாட்டார், ஆனால் நன்றாகக் கேட்பார். நான் செய்த பொருட்களை போனில் காட்டினால், ஒவ்வொரு படத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார். எல்லாம் பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இது யார் வீட்டுக்குப் போகுது என்பார். நானும் இன்ன வீடு, இன்ன ரோடு, கேட் இன்ன நிறம் என்று சொல்லிக்கொண்டு வருவேன். பேசுவதற்கு வீட்டில் ஆள் இல்லாதவளுக்குக் கேட்கிற ஆள் கிடைத்தால் அப்படித்தான்.

முதல் பை வந்தது ஒரு சனிக்கிழமை. வாசல் கேட்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது, கேட்டின் கம்பியில் வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போனேன். ஒரு சொப்பிங் பேக். வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே கைக்குழந்தையின் உடுப்புகள்: நான்கு சட்டை, ஒரு தொப்பி, காலுறை மூன்று. எல்லாம் துவைத்து, ஸ்திரிக்கை போட்டு மடித்து, பூச்சி உருண்டை வாசனையோடு.

பன்னிரண்டு வருடம் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாகப் போனவளின் கேட்டில் யாரோ குழந்தை உடுப்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பையைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். கணவருக்கு போன் எடுத்தேன். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், தொடாமல் எரித்துவிடு என்றார். நான் ஏற்கனவே தொட்டுவிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்ததில், வேண்டாத துணியைத் தரச் சொல்லி நான்தானே ஊரெல்லாம் கேட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தச் சட்டைகளை வட்ட வட்டமாக வெட்டி, சிறு பூக்களாக மடித்து, அட்டை வளையத்தில் நெருக்கமாகத் தைத்தேன். கதவில் மாட்டுகிற வளையம். பசறையில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அதைக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு பை. மறு வாரமும். சில வாரம் வராது. வந்தால் சனிக்கிழமைதான், நான் எழும்புவதற்குள்தான். ஒரு முறையாவது ஆளைப் பார்ப்போம் என்று விடிகிற நேரத்தில் ஜன்னலில் நின்றிருக்கிறேன். தேயிலைக்கு நடுவில் போகிற பாதை முழுவதும் வெள்ளை. கேட் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பை ஆடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை.

ஐந்தாவது பையோ ஆறாவது பையோ வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். உடுப்பு வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் கைக்குழந்தை. பிறகு நடை பழகும் பிள்ளையின் கவுன். பிறகு மூன்று வயது, நான்கு வயதுக்கான பூப்போட்ட கவுன்கள். அப்புறம் வெள்ளைப் பாடசாலை உடுப்பு, முதலில் சின்னது, பிறகு கொஞ்சம் பெரியது. கீழ் மடிப்புகள் எல்லாம் ஒரே கைத்தையல். பாடசாலை உடுப்பிலிருந்து மேலே எல்லாவற்றிலும் இடது தோளை ஒரு விரல்கடை பிடித்துத் தைத்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம் என்று புரிந்தது. வெவ்வேறு வீட்டுப் பழந்துணி இல்லை இது. ஒரே பிள்ளை. வாரத்துக்கு வாரம் என் கேட்டுக்கு வளர்ந்து வருகிறாள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் துணிகள் நல்ல துணிகள், கேட்கிறவர்களோ அதிகம். பூப்போட்ட கவுன்களைக் கீலங்களாக வெட்டி, தேயிலைக் கம்பில் தொங்கவிட்ட ஒரு சுவர் அலங்காரம் பதுளை பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் வீட்டுக்குப் போனது. வெள்ளை உடுப்புகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, பழுப்பு நிறம் ஏறியதும் நாற்காலி மெத்தை உறைகளாகத் தைத்தேன். அவை லுணுகலையில் புது வீட்டுக்குக் குடிபோன ஒரு ஆஸ்பத்திரித் தாதிக்கு. எல்லாவற்றையும் பஸ்ஸில் அந்த அக்காவிடம் காட்டினேன். யார் வீட்டுக்கு என்று வழக்கம்போலக் கேட்டார், சொன்னேன்.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது புடைவைக் கடைக்காரரின் மனைவி போன் எடுத்தார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அன்று காலை ஒரு வயதான பெண் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டிருக்கிறார். இவர் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள், அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்து, சுவர் அலங்காரத்தின் முன்னால் நின்றிருக்கிறார். தொங்கும் துணிக் கீலம் ஒன்றை, குளித்த பிள்ளையின் முடியைத் துவட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாராம். "சாப்டியா" என்று அதனிடம் கேட்டாராம். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடியும் கேட்டாராம். பிறகு திரும்பி, தண்ணீரைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

"அதுல ஏதும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார் அவர். "இருந்தா சொல்லிடுங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

பழைய துணிதான், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். அதைக் கழற்றிப் பின் கொட்டிலில் வைத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து லுணுகலைத் தாதியும் அதேபோல ஒன்றைச் சொன்னார். வெளி விறாந்தையில் காயப்போட்டிருந்த மெத்தை உறையைத் தெரியாத ஒரு பெண் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பைத்தியம் மாதிரித் தெரியவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி அமைதியாக இருந்தார் என்றார். எந்த வீட்டுக்கு எது போனது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் அதையே யோசித்தும், பஸ்ஸில் தினமும் நானே சொல்லிக்கொண்டு வருவது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

அதற்குள் பைகளில் தாவணி வந்தது, சுடிதார் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை பச்சை பிளவுஸ் ஒன்று வந்தது. எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதைப் போட்டுப் பார்த்தேன். கொக்கிகள் எனக்கென்றே தைத்த மாதிரிப் போய் மாட்டின. கை, நெஞ்சு, இடுப்பு எல்லாம் அளவு. இடது தோள் மட்டும் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால், அந்தப் பிடிப்புக்கு ஏற்ற மாதிரி என் தோள் தானாகவே கொஞ்சம் இறங்கியிருந்தது. அவசரமாகக் கழற்றினேன். இழுத்த இழுப்பில் ஒரு கொக்கி பிய்ந்தது. இத்தனை மாதம் வளர்ந்து வந்தவள் இப்போது என் அளவுக்கு வந்துவிட்டாள். இதற்கு மேலும் வளர்ந்து வந்தால் என்ன செய்வது? அந்த பிளவுஸை வெட்டவில்லை. மடித்து அலுமாரியின் அடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியான பஸ்ஸில் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் அந்தப் பைகளை எடுக்கப் போவதில்லை, கேட்டில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிடப் போகிறேன் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டிருந்ததால் பஸ்ஸுக்குள் எல்லோர் மூச்சும் கண்ணாடியில் படிந்திருந்தது. அவர் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் பஸ் சாய்ந்தபோது அவர் தோள் என் தோளில் அழுந்தியது.

"இன்னும் ஒரு பைதான் இருக்கு டீச்சர்," என்றார்.

இரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆள். என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்ததைப் பகிர்ந்து சாப்பிட்ட ஆள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, பயந்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றார். அவருடைய இறக்கத்தில் நானும் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால், இறங்காமல் போயிருந்தால் அடுத்த நாள் அந்த பஸ்ஸில் ஏறவே முடிந்திருக்காது.

மேல் டிவிசனில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா. முன் திண்ணையான இஸ்தோப்பில் விறகு அடுக்கியிருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி. பெட்டியைத் திறந்து காட்டினார். அடியில் விரித்த பேப்பரும், அதன்மேல் வாய் கட்டிய ஒரு பையும் மட்டும்தான். ஆனால் பழைய உடுப்புகள் எந்த அடுக்கில் எது இருந்தது என்று காற்றில் கை வைத்துக் காட்டினார்.

அவருக்கு ஒரே மகள். இருபத்து மூன்று வயதில் வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். முதல் வருடம் போன் வந்தது, பணம் வந்தது. பிறகு ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. அவ்வளவுதான், நாலு வருடம். அனுப்பிய ஏஜென்சிக்குப் போனால் அந்த வீட்டு ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள் என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தார், பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். லயத்தில் உள்ளவர்கள் ஒரு கட்டத்தில், இறந்துபோனதாக வைத்துக்கொண்டு காரியத்தைச் செய்துவிடு, அவள் துணியை யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள். செத்த நாள் எதுவென்று திதி பார்ப்பது என்று இவர் கேட்டார்.

"ஒரு தடவ வளத்தேன்," என்றார் அவர். "இன்னொரு தடவ முதல்ல இருந்து வளத்துப் பாத்தேன் டீச்சர். பொறந்த நாள்ல இருந்து, பை பையா. அவ போன நாள் வரைக்கும் வந்துட்டாள்னா, அதுக்கப்புறம் அவ திரும்பி வந்துதானே ஆகணும்."

இதை அழாமல், அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். வீடு வீடாகப் போனது ஏன் என்று கேட்டேன். வளர்க்கிற பிள்ளையைப் போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது என்றார். என்னிடமே நேரில் தந்திருக்கலாமே என்றதற்கு மட்டும் என் கையைத் தொட்டார்.

"நேர்ல தந்தா கத கேப்பீங்க. கத தெரிஞ்சா வெட்ட மாட்டீங்க."

உண்மைதான். கடைசிப் பையை அவர் என் மடியில் வைத்தார். அதிலிருந்தது மகள் ஏர்போட்டுக்குக் கிளம்பிய காலையில் கழற்றிப் போட்ட வீட்டுச் சுடிதார். துவைக்கவில்லை. வாசனை போய்விடும் என்று ஐந்து வருடமாகக் கட்டியே வைத்திருந்தார். அதை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், இந்தக் காம்பராவுக்கே ஒரு கதவுத் திரையாகத் தைத்துத் தாருங்கள் என்றார். முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவில் கதவு இல்லாத வாசல் ஒன்று இருந்தது.

ஒரு சுடிதாரில் திரை வராது. என்னிடம் பிஸ்கட் டின் நிறைய வெட்டியபோது மிஞ்சிய துண்டுகள் இருந்தன. கைக்குழந்தைச் சட்டையின் ஓரங்கள், பூப்போட்ட கவுனின் கழுத்துப் பட்டிகள், வெள்ளை உடுப்பின் மடிப்புகள், தாவணிக் கரை. உர மூட்டைச் சாக்கைக் கழுவி அடித்துணியாக வைத்து, அதன்மேல் எல்லாவற்றையும் கீழிருந்து மேலாக ஒட்டுப்போட்டேன். நடுவில் அந்தச் சுடிதாரை வெட்டாமல் முழுதாக வைத்துத் தைத்தேன். பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளும் தையல் மெஷினுக்கு முதுகைக் காட்டி என்னால் நிற்க முடியவில்லை.

திரையை மாட்டிய பிறகு ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிட்டார். மூன்று கோப்பையில் ஊற்றினார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய்த் திரைக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு வந்தார். அப்போது பின் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. திரை உப்பியது. உள்ளே ஆள் நிற்கிற மாதிரி அந்தச் சுடிதார் நிறைந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு வடிந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். நான் டீயை முடிக்காமலே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, பனிமூட்டத்தில் கேட் கிறீச்சிட்டது. பெட்டி காலியாகிவிட்டது, இனிப் பை வராது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே வெளியே போகக் கால் வரவில்லை. போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்பு நீள அங்கி போட்ட ஒருத்தி வெறும் கையோடு நின்றிருந்தாள். முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் உடுப்பெல்லாம் ஒங்ககிட்ட இருக்காம்," என்றாள். "அம்மா சொன்னாங்க. ஏதாவது மிச்சம் இருக்குங்களா?"

உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியைக் காட்டினேன், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். நான் எழும்பும்போதெல்லாம் அவளும் எழும்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், வெளியே விடவில்லை. ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது ஓடி, கடைசியில் பெண்களை வைத்திருக்கும் ஒரு இடத்தில் சேர்ந்தாள். அங்கே ஒரு வருடத்துக்கு மேல்; அம்மாவின் நம்பர் பிடுங்கிய போனோடே போய்விட்டது. போன வாரம்தான் வேறு சிலரோடு அனுப்பி வைத்தார்கள். போட்டிருந்த அங்கியைத் தவிர அவளிடம் வேறு உடுப்பு இல்லை. அலுமாரியின் அடியிலிருந்து பச்சை பிளவுஸை எடுத்துக்கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிய்ந்த கொக்கியைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவளும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், எதற்கென்று தெரியாது.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வளர்த்தது வீண் போகவில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். குனிந்து, முன் சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரி என் காதோடு சொன்னார்.

"வந்திருக்கறது அவ இல்ல டீச்சர்."

தன் மகளுக்கு வாய் அதிகம், இவள் வாயே திறப்பதில்லை என்றார். தன் மகள் யாருக்கும் எழும்பி நிற்க மாட்டாள், இது யார் வந்தாலும் எழும்பி நிற்கிறது என்றார். முகம் அதேதான், தோளும் அதேதான், ஆனால் யாரையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள், வெளியே சொன்னால் இவளையும் கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் சோறு போட்டு வைத்திருக்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் கிறுக்கு எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு கணம் நானே, கேட்டில் நின்றது யார் என்று நினைத்துப் பார்த்தேன்.

மகளுக்கும் தெரிந்திருந்தது. அம்மா திரையோடுதான் பேசுகிறார், என்னோடு இல்லை என்று வந்து சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள், டீச்சர் சொன்னால் அம்மா கேட்பார் என்று. போனேன். அக்கா வழக்கம்போல டீ ஊற்றினார். மூன்று கோப்பை. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மூன்றாவதை மகளைத் தாண்டிக் கொண்டுபோய்த் திரைக்குப் பின்னால் வைத்தார். சுவரோரமாக உட்கார்ந்திருந்த மகளுக்கு இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழும்பினாள். போய்த் திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கம்பி ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. டீக் கோப்பை உருண்டது.

"நான் என்ன செத்தா போனேன்?" என்று கத்தினாள். "என் உடுப்பெல்லாம் ஊருக்கு அள்ளிக் குடுத்துட்டு இந்தக் கந்தலுக்கு டீ ஊத்தறீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா? உள்ளாடையில இருந்து ஒண்ணு வச்சிருக்கீங்களா எனக்கு? பக்கத்துக் காம்பராவுல கடன் கேட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன்!"

இன்னும் நிறையச் சொன்னாள். என்னையும் விட்டு வைக்கவில்லை. ஊரான் உடுப்பை யார் எவரென்று கேட்காமல் வெட்டிப் பூச்செய்து விற்கிற டீச்சர் நல்ல டீச்சர்தான் என்றாள். பக்கத்துக் காம்பராக்களில் இருந்து ஆட்கள் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, திரையைக் காலால் மிதித்துக்கொண்டு கத்தினாள்.

அக்கா கையில் கோப்பையோடு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் வந்திருக்கா," என்றார்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். நாலு வருடத்தில் அவர் அழுததை லயத்தில் யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். மகள் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே நின்றாள், பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

விசயம் ஊரில் பரவியதும் சிலர் என் பொருட்களைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார்கள். செத்தவள் துணி என்று கேள்விப்பட்டவர்கள் சிலர், பேய் பிடித்த துணி என்று கேள்விப்பட்டவர்கள் சிலர். அவள் உயிரோடு இருக்கிறாள், பசறையில் பேக்கரியில் வேலைக்கு நிற்கிறாள், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். தாதி மட்டும் மெத்தை உறைகளை வைத்துக்கொண்டார். நான் வேலையை விடவில்லை. ஆனால் இப்போது யார் துணி தந்தாலும் யாருடையது, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்காமல் வாங்குவதில்லை. போத்தலுக்கும் பேப்பருக்கும் கேட்பதில்லை.

மகள் இப்போதும் சில நாட்களில் வாய் திறக்க மாட்டாளாம். திடீரென்று கதவு திறந்தால் எழும்பி நின்றுவிடுவாளாம். அந்த நாட்களில் அக்காவுக்குப் பழைய பயம் வந்துவிடும். போன மாதம் பின்னேர பஸ்ஸில் இறங்கி அவரோடு மேலே நடந்தேன். மூட்டம் இறங்கி லயமே மறைந்திருந்தது. அவர் காம்பராவில் விளக்கு எரிந்தது, கதவு பாதி திறந்திருந்தது. அவர் இஸ்தோப்புக்கு ஏறவில்லை. வெளியிலேயே நின்று மகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். உள்ளே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது, பேச்சில்லை. நான் போய்ப் பார்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, அடுப்பில் கை வேலையாக இருக்கிறேன், வந்து தொலையுங்களேன் என்று உள்ளிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.